மிதிவண்டிச் சங்கிலித் தேய்மானம்

மிதிவண்டிச் சங்கிலித் தேய்மானம் என்பது, மிதிவண்டியின் மிதிகட்டையிலிருந்து பின் சக்கரத்துக்கு ஆற்றலைக் கடத்தும் சங்கிலியின் மூட்டுகள் உராய்வினால் தேய்ந்து, சங்கிலியின் மொத்த நீளம் கூடுவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது "செயின் லூசாகிவிட்டது" என்று கூறப்படுகிறது. மிதிவண்டியின் உறுப்புகளுள் சங்கிலி விரைவில் தேய்வதும் ஒப்பீட்டளவில் விலை குறைந்ததும் ஆகும். தேய்ந்த சங்கிலியைக் காலத்தில் மாற்றாவிட்டால், அது தன்னைவிட விலை கூடிய பற்சக்கரங்களையும் தேய்த்துவிடும். ஆகவே, சங்கிலியை எப்போது மாற்றவேண்டும் என்பதை அளந்து அறிதல் மிதிவண்டிப் பராமரிப்பின் முதன்மையான பகுதிகளுள் ஒன்றாகும்.

அமைப்பு

மிதிவண்டிச் சங்கிலி உருளைச் சங்கிலி வகையைச் சேர்ந்தது. இதில் உள்கண்ணிகளும் வெளிக்கண்ணிகளும் மாறி மாறி அமைந்துள்ளன. இதன் உறுப்புகள் வருமாறு:

* வெளித்தகடுகள் - வெளிக்கண்ணியின் இரு பக்கத் தகடுகள்
* உள்தகடுகள் - உள்கண்ணியின் இரு பக்கத் தகடுகள்
* முளை - வெளித்தகடுகள் இரண்டையும் இணைக்கும் சிறு எஃகுத் தண்டு (கடைகளில் "பின்" எனப்படும்)
* உறைக்குழல் - முளையைச் சுற்றி அமைந்து உள்தகடுகளை இணைக்கும் குழல் (கடைகளில் "புஷ்" எனப்படும்)
* உருளை - உறைக்குழலின் மேல் சுழன்று, பற்சக்கரத்தின் பல்லைத் தொடும் பகுதி

கியர் மிதிவண்டிகளுக்கான தற்காலச் சங்கிலிகளில் தனியான உறைக்குழல் இருப்பதில்லை. உள்தகட்டின் துளை விளிம்பே சிறிது நீட்டப்பட்டு அதன் பணியைச் செய்கிறது.

அடுத்தடுத்த இரு முளைகளின் மையங்களுக்கு இடையேயான தூரம் சங்கிலியின் இடைத்தூரம் எனப்படும். இன்று பயன்பாட்டிலுள்ள ஏறத்தாழ எல்லா மிதிவண்டிகளிலும் இது அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஆகும். பற்சக்கரத்தின் பற்களும் இதே இடைத்தூரத்துக்கு ஏற்பவே வெட்டப்படுகின்றன. இவ்விரு இடைத்தூரங்களும் பொருந்தியிருப்பதே சங்கிலி சீராக இயங்குவதற்கு அடிப்படையாகும்.

வரலாறு

பெரிய முன்சக்கரம் கொண்ட தொடக்ககால மிதிவண்டிகளில் மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. எனவே அவற்றுக்குச் சங்கிலி தேவைப்படவில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செசுட்டர் நகரில் தொழில் நடத்திய ஆன்சு ரெனால்ட் என்னும் பொறியாளர் 1880ஆம் ஆண்டில் உறைக்குழலுடன் கூடிய உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமம் பெற்றார். 1885ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் இசுட்டார்லி அறிமுகப்படுத்திய "ரோவர்" மிதிவண்டி சங்கிலியால் பின் சக்கரத்தை இயக்கியது. இன்றைய மிதிவண்டியின் பொது வடிவம் இதிலிருந்தே வளர்ந்தது.

தேய்மானம் ஏற்படும் முறை

சங்கிலி "இழுபட்டு நீள்கிறது" என்பது பரவலாக உள்ள ஒரு கருத்து. உண்மையில், மிதிப்பவரின் விசையால் எஃகுத் தகடுகள் நிலையாக நீள்வதில்லை. சங்கிலி பற்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு மூட்டும் மடங்கி நிமிர்கிறது. அவ்வாறு மடங்கும்போது முளையின் புறப்பரப்பும் உறைக்குழலின் உட்பரப்பும் விசையுடன் உராய்கின்றன. இடையில் தூசியும் மணலும் கலந்த எண்ணெய் இருந்தால், அது சாணைக்கல்லைப் போல இரு பரப்புகளையும் அரைத்துவிடும். இதனால் மூட்டில் தளர்வு உண்டாகிறது.

ஒரு மூட்டில் உண்டாகும் தளர்வு மிகச் சிறியது. ஒரு மூட்டுக்குச் சராசரியாக 0.127 மி.மீ. தேய்ந்தாலே சங்கிலியின் நீளம் 1% கூடிவிடும். 110 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியின் நீளம் புதிதாக இருக்கும்போது 1397 மி.மீ. ஆகும். 1% நீட்சியில் அது ஏறத்தாழ 14 மி.மீ. கூடுகிறது.

தேய்மானம் எல்லாச் சங்கிலிகளிலும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. மழை, சேறு, கடற்கரை மணல், எண்ணெய் இன்மை ஆகியவை அதை விரைவுபடுத்துகின்றன. சங்கிலியை முழுதும் மூடும் உறை (செயின் கவர்) உள்ள மிதிவண்டிகளில் தேய்மானம் மெதுவாக நிகழும். ஆகவே ஓடிய தூரத்தையோ பயன்படுத்திய மாதங்களையோ மட்டும் கொண்டு சங்கிலியை மாற்றும் காலத்தைக் கணிக்க இயலாது.

விளைவுகள்

தேய்ந்த சங்கிலியின் இடைத்தூரம் பற்சக்கரத்தின் இடைத்தூரத்தைவிடக் கூடிவிடுகிறது. இதனால் உருளைகள் பற்களின் அடிப்பகுதியில் அமராமல் சற்று மேலேறி அமர்கின்றன. பல பற்களுக்குப் பகிர்ந்து செல்லவேண்டிய விசை ஒரு சில பற்களின் மீதே விழுகிறது. நாளடைவில் பற்கள் ஒரு பக்கம் அரிக்கப்பட்டுக் கொக்கி வடிவம் பெறுகின்றன.

பின் பற்சக்கரத்துக்குப் பற்கள் குறைவு. எடுத்துக்காட்டாக, முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின் பற்சக்கரத்தில் 18 பற்களும் இருந்தால், மிதிகட்டை ஒருமுறை சுற்றும்போது பின் பற்சக்கரம் ஏறத்தாழ 2.4 முறை சுற்றும். எனவே பின் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் அத்தனை மடங்கு அதிக முறை சங்கிலியைச் சந்தித்து, முதலில் தேய்கிறது.

இவ்வாறு தேய்ந்த பற்சக்கரத்தில் புதிய சங்கிலியை மாட்டினால் அது பொருந்தாது. விசை கொடுத்து மிதிக்கும்போது சங்கிலி பற்களின் மேல் துள்ளி வழுக்கும். மேட்டில் எழுந்து நின்று மிதிப்பவர், கால் திடீரென இறங்கி நிலைதடுமாறி விழ நேரிடலாம். மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தி நிறுத்தும் வகை மிதிவண்டிகளில், சங்கிலி கழன்றாலோ அறுந்தாலோ பின் தடையும் செயலிழந்துவிடும்.

தேய்மானத்தை அளத்தல்

அளவுகோல் முறை

இம்முறைக்கு 30 செ.மீ. எஃகு அளவுகோல் போதுமானது. புதிய சங்கிலியில் 20 கண்ணிகளின் நீளம் சரியாக 254 மி.மீ. (10 அங்குலம்) ஆகும்.

# மிதிகட்டையைச் சற்று அழுத்தி, சங்கிலியின் மேற்பகுதியை விறைப்பாக வைக்கவேண்டும்.
# ஒரு முளையின் இடது விளிம்பை அளவுகோலின் 10 மி.மீ. கோட்டுடன் பொருத்தவேண்டும். அளவுகோலின் முனை தேய்ந்திருக்கக்கூடும் என்பதால் சுழியத்தைத் தவிர்ப்பது நல்லது.
# அங்கிருந்து 20 கண்ணிகள் எண்ணி, அங்குள்ள முளையின் இடது விளிம்பு எந்த அளவில் உள்ளது என்று பார்க்கவேண்டும்.
# கிடைத்த அளவிலிருந்து 10ஐக் கழிக்கவேண்டும்.
# சங்கிலியின் வேறு இரண்டு இடங்களிலும் இதைத் திரும்பச் செய்யவேண்டும்.

20 கண்ணிகளின் நீளத்தைக் கொண்டு தேய்மானத்தைப் பின்வருமாறு அறியலாம்:

* 254.0 மி.மீ. - புதிய சங்கிலி
* 255.3 மி.மீ. - 0.5% நீட்சி
* 255.9 மி.மீ. - 0.75% நீட்சி
* 256.5 மி.மீ. - 1% நீட்சி

வேறுபாடுகள் மிகச் சிறியனவாக இருப்பதால், எஃகு அளவுநாடா இருப்பின் 40 கண்ணிகளை அளப்பது மேலும் துல்லியமானது. புதிய சங்கிலியில் இது 508 மி.மீ. ஆகவும், 1% நீட்சியில் ஏறத்தாழ 513 மி.மீ. ஆகவும் இருக்கும்.

சங்கிலி அளவி

கண்ணிகளுக்கு இடையே செருகிப் பார்க்கும் அளவிகள் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றுள் பல, உருளைக்கும் உறைக்குழலுக்கும் இடையிலுள்ள தளர்வையும் சேர்த்தே காட்டுகின்றன. உருளையின் தளர்வு இடைத்தூரத்தை மாற்றுவதில்லை. ஆதலால் இவ்வகை அளவிகள் உண்மையைவிடக் கூடுதலான தேய்மானத்தைக் காட்டக்கூடும். மூன்று இடங்களில் தொட்டு அளக்கும் அளவிகளில் இப்பிழை தவிர்க்கப்பட்டுள்ளது.

கருவியற்ற சோதனை

முன் பற்சக்கரத்தின் முன்விளிம்பில் உள்ள சங்கிலியை விரலால் பிடித்து முன்னோக்கி இழுக்கவேண்டும். பல்லின் பெரும்பகுதி வெளியே தெரியும் அளவுக்குச் சங்கிலி விலகினால் அது மிகவும் தேய்ந்துள்ளது. இச்சோதனை தோராயமானது. மேலும், கியர் மிதிவண்டிகளில் இது வெளிப்படையாகத் தெரியும்போது பற்சக்கரங்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும்.

மாற்றவேண்டிய எல்லை

பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லைகள்:

* பின்புறம் 11 அல்லது 12 பற்சக்கரங்கள் உள்ளவை - 0.5%
* பின்புறம் 10 அல்லது அதற்குக் குறைவான பற்சக்கரங்கள் உள்ள கியர் மிதிவண்டிகள் - 0.75%
* ஒற்றைப் பற்சக்கர மிதிவண்டிகள் - 1%

1% நீட்சியைத் தாண்டிய கியர் மிதிவண்டிகளில் சங்கிலியுடன் பின் பற்சக்கரத் தொகுதியையும் மாற்றவேண்டி வரலாம்.

கண்ணியை வெட்டி எடுத்தல்

ஒற்றைப் பற்சக்கர மிதிவண்டிகளில் சங்கிலி தொய்ந்தால் பின் சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தி இறுக்குவர். மேலும் நகர்த்த இடமில்லாதபோது, ஓர் உள்கண்ணியையும் ஒரு வெளிக்கண்ணியையும் வெட்டி எடுத்துவிட்டுச் சங்கிலியைத் திரும்ப மாட்டும் வழக்கம் சைக்கிள் கடைகளில் உண்டு. இதனால் சங்கிலியின் மொத்த நீளம் குறைகிறதே தவிர, எஞ்சியுள்ள கண்ணிகளின் இடைத்தூரம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

வெட்டி எடுக்கப்படும் இரு கண்ணிகளின் நீளம் 25.4 மி.மீ. ஆகும். 110 கண்ணிகள் கொண்ட சங்கிலி, சக்கரம் பழைய இடத்திலேயே பொருந்தும்படி இவ்வளவு நீண்டிருக்குமானால், அதன் நீட்சி ஏறத்தாழ 1.8% ஆகும். அதாவது, கண்ணியை வெட்டும் தேவை எழும்போது மாற்றவேண்டிய எல்லையைச் சங்கிலி எப்போதோ கடந்திருக்கும். அவ்வாறு மிச்சப்படுத்தப்படும் சங்கிலியின் விலை பின்னர்ப் பற்சக்கரங்களின் விலையாகத் திரும்பச் செலவாகிறது. தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கும் மிதிவண்டிகளும் ஒற்றைப் பற்சக்கர வகையைச் சேர்ந்தவை என்பதால், அவற்றைப் பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும்.

புதிய சங்கிலியைத் தேர்ந்தெடுத்தல்

இடைத்தூரம் ஒன்றாக இருந்தாலும் சங்கிலிகளின் அகலம் வேறுபடும். ஒற்றைப் பற்சக்கர மிதிவண்டிகளுக்குப் பெரும்பாலும் 1/8 அங்குல உள்ளகலமுள்ள சங்கிலி பயன்படுகிறது. கியர் மிதிவண்டிகளின் சங்கிலிகள் குறுகலானவை. பின் பற்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக்கூட, சங்கிலியின் வெளியகலம் குறைகிறது. ஆகவே பின் பற்சக்கரங்களின் எண்ணிக்கையைக் கூறியே சங்கிலியை வாங்கவேண்டும்.

மாற்றும் முறை

ஒற்றைப் பற்சக்கர மிதிவண்டி

# சங்கிலி உறை இருப்பின் அதைக் கழற்றவேண்டும்.
# பின் சக்கரத்தின் அச்சு மரைகளைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னுக்கு நகர்த்தவேண்டும்.
# இணைப்புக் கண்ணியில் ("செயின் லாக்") உள்ள லாட வடிவக் கவ்வியைக் குறட்டால் நெம்பி எடுத்துச் சங்கிலியைப் பிரிக்கவேண்டும்.
# பழைய சங்கிலியின் கண்ணிகளை எண்ணி, புதியதையும் அதே எண்ணிக்கைக்குக் குறைக்கவேண்டும். இரண்டையும் அருகருகே தொங்கவிட்டு நீளத்தை ஒப்பிடுவது தவறு, பழையது நீண்டிருக்கும். முன்பே கண்ணி வெட்டப்பட்டிருந்தால் அந்த எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.
# புதிய சங்கிலியைப் பற்சக்கரங்களின் மேல் இட்டு, இணைப்புக் கண்ணியைப் பொருத்தவேண்டும். கவ்வியின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும். திறந்த முனை முன்னே இருந்தால், எதிலாவது தட்டிக் கவ்வி கழன்றுவிடக்கூடும்.
# சங்கிலியின் நடுப்பகுதி மேலும் கீழுமாக மொத்தம் ஏறத்தாழ 12 மி.மீ. அசையும்படி சக்கரத்தைப் பின்னிழுத்து, நேராக நிறுத்தி, மரைகளை இறுக்கவேண்டும். மிதிகட்டையை மெதுவாகச் சுற்றி, எல்லா நிலைகளிலும் இத்தளர்வு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

கியர் மிதிவண்டி

கியர் மாற்றியில் உள்ள விற்சுருள் சங்கிலியின் தொய்வைத் தானே ஏற்றுக்கொள்வதால், இங்குச் சக்கரத்தை நகர்த்தவேண்டியதில்லை. முளையை வெளியே தள்ளச் சங்கிலிப் பிரிப்பான் ("செயின் கட்டர்") தேவை.

பழைய சங்கிலியின் நீளம் சரியாக இருந்ததா என்பது ஐயமாயின், புதிய சங்கிலியைக் கியர் மாற்றியின் வழியே விடாமல், மிகப்பெரிய முன் பற்சக்கரத்தையும் மிகப்பெரிய பின் பற்சக்கரத்தையும் நேரடியாகச் சுற்றி இழுத்துப் பார்க்கவேண்டும். முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து மேலும் இரண்டு கண்ணிகள் சேர்த்து வெட்டவேண்டும். பின்புறம் அதிர்வுதாங்கி உள்ள மிதிவண்டிகளில் அதன் அசைவுக்காகக் கூடுதல் நீளம் தேவைப்படலாம்.

வெட்டியபின் சங்கிலியைக் கியர் மாற்றியின் இரு சிறு சக்கரங்களின் வழியே சரியாகச் செலுத்தி, விரைவு இணைப்புக் கண்ணியாலோ தயாரிப்பாளர் தரும் சிறப்பு முளையாலோ இணைக்கவேண்டும். குறுகலான சங்கிலிகளில் ஒருமுறை வெளியே தள்ளிய முளையைத் திரும்பப் பயன்படுத்தினால் அம்மூட்டு வலுவிழந்து, பின்னர் அறுந்துபோகக்கூடும்.

மாற்றியபின் சோதனை

வண்டிகள் செல்லாத இடத்தில் அமர்ந்தபடியே விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஓட்டிப் பார்க்கவேண்டும். கியர் மிதிவண்டியாயின் ஒவ்வொரு பின் பற்சக்கரத்திலும் தனித்தனியே சோதிக்கவேண்டும். சங்கிலி வழுக்கும் பற்சக்கரம் தேய்ந்தது; அதை மாற்றவேண்டும்.

பராமரிப்பு

1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், மிதிவண்டிச் சங்கிலி உயர்ந்த அளவாக 98.6% ஆற்றலைக் கடத்தியது கண்டறியப்பட்டது. இத்தகைய பொறியைத் தூய்மையாக வைத்திருப்பதே அதன் ஆயுளை நீட்டும் வழி.

* எண்ணெயை உருளைகளின் மேல் சொட்டுச் சொட்டாக இட்டு, மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுற்றி மூட்டுகளுக்குள் இறங்கவிடவேண்டும்.
* சிறிது நேரம் கழித்து, வெளிப்புறத்தில் உள்ள எண்ணெயைத் துணியால் துடைத்துவிடவேண்டும். வெளியே நிற்கும் எண்ணெய் தூசியைச் சேர்க்குமே அன்றித் தேய்மானத்தைத் தடுக்காது.
* அழுக்கான சங்கிலியின் மேல் துடைக்காமல் எண்ணெய் விட்டால், மணல் மூட்டுகளுக்குள் அடித்துச் செல்லப்படும்.
* மண்ணெண்ணெயில் கழுவிய சங்கிலியை நன்கு உலர்த்தி, மீண்டும் எண்ணெய் இட்ட பின்னரே பயன்படுத்தவேண்டும்.
* சமையல் எண்ணெய்களுள் பல நாளடைவில் பிசுபிசுப்பாக இறுகுவதால் அவை ஏற்றவையல்ல.
* மழையில் நனைந்த சங்கிலியைத் துடைத்து அன்றே எண்ணெய் இடுவது துருவைத் தடுக்கும்.
* சங்கிலியைத் துடைக்கும்போது மிதிவண்டியை ஓடவிடக்கூடாது. விரல் பற்சக்கரத்தில் சிக்கினால் கடுமையான காயம் ஏற்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* மிதிவண்டி
* பற்சக்கரம்
* உராய்வு
* மசகு எண்ணெய்