நீலச் சுடருக்கு முந்தைய ரொறன்ரோ

ரொறன்ரோ பார்லிமென்ட் தெருவில் 51ஆம் இலக்கக் காவல் நிலையம் இயங்கும் செங்கல் கட்டடம், ஒரு காலத்தில் நிலக்கரி வாயுவைச் சுத்திகரித்த கூடம். அதன் உரிமையாளர், 1848இல் தொடங்கிய கன்ஸ்யூமர்ஸ் காஸ் நிறுவனம். நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டு எடுத்த வாயு முதலில் தெரு விளக்குகளை ஏற்றியது. பிறகு சமையலறைக்குள் நுழைந்தது.

1954இல் அமெரிக்காவிலிருந்து இயற்கை வாயு வந்தது. 1958இல் ட்ரான்ஸ்கனடா குழாய்வழி அல்பேர்ட்டா வாயுவைக் கொண்டுவந்தது.

புதிய வாயு, அதே கன அளவில் ஏறக்குறைய இருமடங்கு வெப்பம் தந்தது. ஆகவே பழைய அடுப்புகளிலும் சூடேற்றிகளிலும் வாயு வெளிவரும் துளைகளைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. துளையின் அளவும் அழுத்தமும் பொருந்தினால்தான் சுடர் சீராக எரியும்.

இன்றும் இயற்கை வாயுச் சூடேற்றிகள் பலவற்றில் எரிகலனுக்குச் செல்லும் வாயுவின் அழுத்தம் மூன்றரை அங்குல நீர்மட்டம்தான்: யு வடிவக் குழாயில் நீரை அவ்வளவு மட்டுமே உயர்த்தும் மெல்லிய விசை. அது குறைந்தால் சுடர் சுருங்கும், பற்றுவது தாமதமாகும். புகை அளவுக்கு மீறிக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி உள்ளேயே படிந்து இரும்பை அரிக்கும். பழைய சூடேற்றி வீட்டைச் சூடாக்கத் திணறினால், அதைக் கழற்றி எறியுமுன் உரிமம் பெற்ற தொழில்நுட்பரைக் கொண்டு அழுத்தத்தை அளந்து பார்ப்பது அவசியம்.