வண்டியேறிய அடுக்களை

திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றிலிருந்து ஒரு குடும்பம் இன்று கன்னியா வெந்நீரூற்றுக்கோ வெருகல் முருகன் கோயிலுக்கோ வானில் புறப்படுமாயின், 2.3 கிலோ காஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு, தண்ணீர்க் கலன், மடக்கு மேசை என்று முழு அடுக்களையும் அதன் பின்புறத்தில் ஏறிவிடும். மாட்டுவண்டிக் காலத்து யாத்திரிகர் பாதி அடுக்களையையே ஏற்றினர். மறுபாதி வழியிலே அவர்களுக்காகக் காத்திருந்தது. அந்த மறுபாதியைக் கட்டிவைத்த புண்ணியவான்களை மறந்து இப்பகுதியின் பிரயாணச் சமையலுக்குச் சரித்திரம் எழுதுவது நியாயமாகாது.

கூடார வண்டியிற் சாமான் ஏற்றுவதற்கென ஒரு முறை இருந்தது. அரிசி மூட்டையும் தேங்காயும் கிடாரமும் அச்சுக்கு நேரே அமையும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகம் மேலெழும்பிக் கழுத்துக்கயிறு தொண்டையை இறுக்கும். மாட்டுக்கென எடுத்த வைக்கோலுக்குள்ளேயே மண்சட்டிகளைப் புதைத்துவிடுவதால், அந்த ஒரே வைக்கோல் சட்டிக்குக் காப்பாகவும், மனிதருக்கு மெத்தையாகவும், ஈற்றில் மாட்டுக்குத் தீனியாகவும் உதவிற்று. புளியும் உப்பும் மிளகாய்த்தூளும் பனையோலைப் பெட்டிகளில் இருக்கும். முதல் நாட் பசிக்குக் கட்டுச்சோறும், பின்னாட்களுக்கு இடிசம்பலும் ஒடியலும் பனங்கட்டியும் துணை வரும்.

அடுப்பை எவரும் ஏற்றிச் சென்றாரில்லை. இறங்கிய இடத்து மூன்று கல்லே அடுப்பு, உதிர்ந்து கிடந்த சுள்ளியே விறகு. கச்சான் காற்று உரத்து வீசும் மாதங்களில் இக்கரையிலே கல்லடுப்புச் சுவாலை நிலைகொள்ளாதாகையால், ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, காற்று வரும் பக்கத்தில் மட்டும் சிறிது வாய்விட்டு, அதன்மேற் சட்டியை ஏற்றுவது வழிநடை அறிந்தவர் கைவேலை.

இதே தேவைக்கு அமெரிக்க தேசத்தார் கண்ட உபாயம் வேறு. 1866ஆம் ஆண்டில் டெக்சாஸ் பிரதேசத்து மாட்டுமந்தைக்காரரான சார்ள்ஸ் குட்நைட் என்பார், பழைய இராணுவ வண்டி ஒன்றின் பின்புறத்தில் இழுப்பறைகள் கொண்ட பெட்டியைப் பொருத்தி, அதன் மூடியையே கீழே மடித்து மேசையாக்கி, பக்கத்திலே தண்ணீர்ப் பீப்பாயையும் கட்டினார். ஆளரவமற்ற புல்வெளியிலே மாதக்கணக்காகச் செல்பவனுக்குச் சகலமும் வண்டியிலேயே இருந்தாக வேண்டியிருந்தது. நம் வடக்கிலும் கிழக்கிலுமோ வழிப்போக்கருக்கென மடமும், அதன் முற்றத்தில் கிணறும், மாடு நீர் அருந்தக் கேணியும், அது உரஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் தர்மமாக நிறுவப்பட்டிருந்தன. கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக அவள் சுற்றத்தார் நாட்டிய சுமைதாங்கியிலே, முன்பின் அறியாத ஒருவன் தன் அரிசிக் கடகத்தை இறக்கிவைத்து இளைப்பாறினான். இதனினும் மேலான பிரயாண சௌகரியத்தை எந்தத் தேசத்தார் செய்தனர் என்று நான் அறியேன்.

சமைப்பதற்கென்றே போன யாத்திரைகளும் உண்டு. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலின் பங்குனித் திங்கள் அவற்றுள் விசேஷமானது. வண்டிகளிலே வந்திறங்கும் குடும்பங்கள் கோயிற் சூழலிலே பொங்கி, அவ்வூருக்குப் பேர்போன கத்தரிக்காயைக் கறியாக்கி, அம்மனுக்குப் படைத்துத் தாமும் உண்டன. கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கு அந்தியேட்டிக் கிரியையின் பொருட்டுச் சென்றவர்களின் வண்டிகளோ துக்கத்தைச் சுமந்தவை.

1892இல் சுவீடன் தேசத்து லிண்ட்குவிஸ்ற் அமைத்த பிறைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பு, காற்றழுத்தத்தினால் எண்ணெயை மேலேற்றி, சுடர்வாயின் வெப்பத்திலே ஆவியாக்கிப் புகையின்றி எரித்தது. அதுவும் அதன் வழிவந்தவையும் வண்டியேறியபின் மூன்று கல் தேடும் வேலை குறைந்தது. ஆயினும் இப்பகுதியின் வழிச்சமையலை மாற்றியதில் அடுப்பினும் பாலங்களுக்கே பெரும்பங்கு உண்டென்பது என் துணிபு. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரைவழியே செல்வோர், கிண்ணியாவிலும் உப்பாற்றிலும் கங்கையிலும் இறால்குழியிலும் வெருகலிலும் துறைதோறும் ‘பாதை’ என்னும் மிதவைக்குக் காத்துநிற்க வேண்டியிருந்தது. கேத்திலைக் கொதிக்கவைத்துத் தேநீர் பருகவும், அயலாரோடு சம்பலைப் பகிர்ந்துகொள்ளவும் அந்தக் காத்திருப்பு இடமளித்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. நோயாளியையும் கர்ப்பிணியையும் இரவிலே மிதவைக்குக் காக்கவைத்த அவதி நீங்கியது பெரும் பாக்கியம். அதனோடு கரையோர அடுப்புகளும் அணைந்தன.

அப்பழைய முறை முற்றாக அழிந்துவிடவில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் நடந்துசெல்லும் அடியார்கள் திருகோணமலையையும் வெருகலையும் கடந்தே தெற்கே செல்கின்றனர். வழியிலுள்ள கோயில்களும் ஊர்களும் அவர்களுக்கு அன்னமிடுகின்றன. உகந்தை முருகன் கோயில் வரை கைப்பையும் கம்பளியுமாக வருபவர்கள், அதற்கப்பால் குமண, யால வனத்தினுள் நுழையுமுன் அரிசியும் பருப்பும் உப்பும் தண்ணீரும் கூட்டத்தாருக்குள்ளே பங்கிட்டு மூட்டை கட்டுகிறார்கள்.