சாம்பலா, விம்மா? லயத்து வீடுகளில் பாத்திரம் விளக்கிய வரலாறு

பதுளைப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் தீராத சண்டைகள் பல இருக்கு. சம்பளம், காணி, வீடு எல்லாம் பெரிய சண்டைகள். அவற்றுக்கு அறிக்கை உண்டு, ஆய்வு உண்டு, தொழிற்சங்கக் கூட்டம் உண்டு. அதே வீடுகளில் தினமும் மூன்று வேளை நடக்கும் ஒரு சின்னச் சண்டையும் இருக்கு. பாத்திரத்தை எப்படி விளக்குறது என்பதுதான் அது.

அப்பாயிக்கு அடுப்புச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் வேணும். அம்மாவுக்கு விம் கட்டி இல்லாம கை ஓடாது. அக்கா பைப்பைத் திறந்து விட்டுட்டு ஒவ்வொன்றாக அலசுவா. "தண்ணி என்ன சும்மாவா வருது?" என்று மாமி பேசினில் தண்ணி பிடிச்சு வைப்பாங்க. சட்டியின் வெளிப்பக்கக் கரி முழுக்கப் போகணும் என்பது ஒரு கட்சி. "நாளைக்கும் அடுப்புலதானே ஏறப்போகுது, விடு" என்பது எதிர்க்கட்சி.

நாங்கள் ஊவாவின் தோட்டங்களிலிருந்து கலைப்பீடத்துக்கு வந்தவர்கள். பசறை, ஹாலி-எல, அப்புத்தளை என்று ஊர் வேறு வேறாக இருந்தாலும், விடுதியில் உட்கார்ந்து பேசினபோது எல்லார் வீட்டிலும் இதே சண்டைதான் என்று தெரிஞ்சுது. வரலாறு படிக்கிற பிள்ளைகள் என்பதால் அதோடு விடவில்லை. யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் எண்ணம் இல்லை. ஒவ்வொருத்தரும் எந்தக் காலத்துப் பழக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்று பார்க்க நினைத்தோம்.

சாம்பல் காலம்

முதலில் சொல்லைப் பார்ப்போம். எங்கள் பாட்டிமார் 'கழுவுறது' என்று சொல்வது குறைவு. 'வெளக்குறது' என்பார்கள். விளக்குதல் என்றால் துலக்கி ஒளிர வைப்பது. அழுக்குப் போனால் மட்டும் போதாது, பாத்திரம் மின்னணும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் சட்டி பானையோடு இந்தச் சொல்லையும் கொண்டு வந்தார்கள்.

சாம்பலை 'பழைய காலத்துப் பழக்கம்' என்று தள்ளிவிட முடியாது. அதில் வேதியியல் இருக்கு. மரச்சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று இருக்கு. ஈரமானதும் அது காரமாக வேலை செய்து எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து, சவர்க்காரம் மாதிரியான ஒன்றை அங்கேயே உண்டாக்கும். சாம்பலின் நுண்ணிய துகள்கள் சுரண்டும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கைப்பிடிச் சாம்பலில் சவர்க்காரமும் தேய்ப்பானும் சேர்ந்தே இருக்கு. பொட்டாசியம் என்ற பெயரே 'பொட் ஆஷ்', அதாவது பானைச் சாம்பல் என்ற சொல்லிலிருந்து வந்தது. 1807இல் ஹம்ப்ரி டேவி அந்த மூலகத்தைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தபோது, உலகம் முழுக்கப் பெண்களின் கையில் இருந்த பொருளின் பெயர்தான் விஞ்ஞானத்துக்குள் போனது.

தோட்டத்தில் சாம்பலுக்குப் பஞ்சம் கிடையாது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறுதான் அடுப்புக்கு விறகு. பகலில் கொழுந்து கொடுத்த அதே செடி, இரவில் சோறாக்கி, காலையில் சட்டியும் விளக்கியது. அரிசியை வாங்கினால் சம்பளத்தில் கழிப்பார்கள். கங்காணியின் கடன் ஒருபக்கம் கழுத்தை நெரிக்கும். கடனோடு ஆளைக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அப்படிப்பட்ட கணக்குப் புத்தகத்தில் ஏறாத சில பொருட்களில் சாம்பலும் ஒன்று. அப்பாயி அதை விடமாட்டேன் என்பதில் பிடிவாதம் மட்டும் இல்லை. காசு கொடுத்து வாங்காமல் வீட்டைச் சுத்தமா வச்சிருக்கலாம் என்ற பெருமையும் இருக்கு.

ஈயச்சட்டி வந்து கெடுத்தது

சாம்பலுக்கு முதல் அடி சவர்க்காரத்தால் விழவில்லை, சட்டியால் விழுந்தது. மண் சட்டிக்கும் பித்தளைக்கும் சாம்பல் ஒத்துப்போகும். அலுமினியத்துக்கு ஒத்துப்போகாது.

1886இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹோலும் பிரான்சில் போல் எரூவும் மின்சாரத்தால் அலுமினியத்தை மலிவாக எடுக்கும் வழியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1898 அளவில் சென்னையில் அல்பிரட் சற்றர்ட்டன் என்ற ஆங்கிலேயர் கலைக் கல்லூரிப் பட்டறையில் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். பித்தளையைவிட இலேசு, விலையும் குறைவு, மண் சட்டி மாதிரி உடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் அடுக்கி வைக்க வசதி. சில வீடுகளில் இன்றும் அதை 'ஈயச்சட்டி' என்றுதான் சொல்வார்கள்.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் இருக்கும். அதுதான் அதற்குக் கவசம். சாம்பலின் காரம் அந்தப் படலத்தை அரிக்கும், சட்டி மங்கிக் கறுக்கும். புளியோ தேசிக்காயோ போட்டால், அமிலம் அந்தக் கறுப்பை எடுத்துவிடும். "சாம்பல் போட்டா சட்டி கறுக்குது" என்று அம்மா சொல்வதும் சரி. "எங்க காலத்துல சாம்பல்லதான் தங்கமா மின்னுச்சு" என்று அப்பாயி சொல்வதும் சரி. அவர் சொல்வது பித்தளையை, இவர் சொல்வது அலுமினியத்தை. இருவரும் வேறு வேறு உலோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு ஒரே சண்டை போடுகிறார்கள்.

கட்டிச் சவர்க்காரம்

1924இல் ரயில் பாதை பதுளை வரைக்கும் வந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கத்தான் அந்தப் பாதை. திரும்பி ஏறும் பெட்டிகளில் கடைச் சாமான்களும் வந்தன. லீவர் நிறுவனம் இங்கிலாந்தில் 1884இல் சன்லைட்டையும் 1904இல் விம் தூளையும் சந்தைக்குக் கொண்டு வந்தது. 1938இல் கொழும்பிலேயே கிளை தொடங்கியது. விம் முதலில் கட்டியாக வரவில்லை. தேய்க்கிற தூளாகத்தான் வந்தது. அதாவது சாம்பல் செய்த வேலையை டின்னில் அடைத்து விற்ற மாதிரி.

சவர்க்காரத்தோடு ஒரு மரியாதையும் வந்தது. துரை பங்களாவில் வேலை செய்த அப்புமார் சுடுதண்ணி, சவர்க்காரம், துடைக்கும் துணி என்று வேறொரு முறையைக் கற்றார்கள். பங்களாவில் பீங்கான், லயத்தில் தகரம். பங்களாவில் நுரை, லயத்தில் சாம்பல். இந்த வித்தியாசம் சட்டி பானையோடு நிற்கவில்லை. தோட்ட மக்கள் 'சுத்தம் இல்லாதவர்கள்' என்ற பேச்சு காலனிய காலத்திலிருந்தே உண்டு. வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் பரவியபோது, ஆட்களின் பழக்கத்தைக் குறை சொல்வது லேசாக இருந்தது. ஒரு லயம் முழுவதுக்கும் ஒரே பீலி என்பதைச் சொல்வது லேசாக இல்லை.

அம்மா விம் கட்டியை விடாமல் பிடிப்பதை இந்தப் பின்னணியில் பார்க்கணும். வீட்டுக்கு வெளியாட்கள் வந்தால் தேத்தண்ணிக் கோப்பையில் சாம்பல் வாசம் வரக்கூடாது. பாத்திரத்தில் எலுமிச்சை மணக்கிறது என்றால், எங்களை யாரும் குறைச்சலாப் பார்க்க முடியாது என்று அர்த்தம்.

பீலித் தண்ணியும் எச்சில் தண்ணியும்

இனி தண்ணீர்ச் சண்டை. திறந்த பைப்பா, பேசினா?

லயங்களில் பாத்திரம் விளக்கிய இடம் வீட்டுக்குள் இல்லை. மலை ஊற்றிலிருந்து இறக்கிய பீலிக்கரையில்தான் எல்லாம். குளியல், துணி, பாத்திரம், குடிதண்ணி எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். பீலி ஓடிக்கொண்டே இருக்கும், மூட முடியாது. ஓடும் தண்ணியில் அலசுவதே சுத்தம் என்ற எண்ணம் அங்கேதான் பலப்பட்டது. தேங்கிய தண்ணியில் முக்கினால் அது 'எச்சில் தண்ணி'.

எச்சில் என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. கங்காணிகள் ஆட்களை ஊர்வாரியாக, சாதிவாரியாகத் திரட்டி வந்தார்கள். லயங்களும் பல இடங்களில் அப்படியே பிரிந்தன. யார் முதலில் தண்ணி பிடிப்பது, யாருடைய பாத்திரம் யாருடையதோடு படக்கூடாது என்ற பிணக்குகளுக்குப் பீலிக்கரையும் தப்பவில்லை. 'சுத்தம்' என்று வீட்டில் நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லில் கிருமி எவ்வளவு, சாதி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

ஆனால் ஊவாவில் தண்ணி எப்போதும் ஓடாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும். அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் கொண்டாடும் மணம் ஏறும். அதே மாதங்களில் பீலி நூலாக ஒழுகும். நல்ல தேயிலை இறங்கும் காலம்தான் கொழுந்து பறிக்கிற பெண் சட்டி கழுவத் தண்ணிக்கு வரிசையில் நிற்கும் காலம். பேசின் முறை அந்த வரிசையில் பிறந்தது. முதலில் கோப்பைகள், பிறகு சோற்றுத் தட்டு, கடைசியில் கறிச் சட்டி. அந்த அழுக்குத் தண்ணி வாழைக்குப் போகும். மாமி கஞ்சத்தனம் பண்ணுறாங்க என்று அக்கா நினைக்கிறா. மாமி காய்ந்த பீலியைப் பார்த்து வளர்ந்தவங்க.

அந்த அனுபவம் பழங்கதையும் இல்லை. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் தோண்டப்பட்டபோது, 2014 கடைசியிலிருந்து பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2024இல் திட்டம் திறந்து வைக்கப்பட்டது.

இதை வெளியுலகமும் ஆராய்ந்திருக்கு. ஜெர்மனியின் பொன் பல்கலைக்கழகத்தில் ஏழு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 113 பேரிடம் 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கொடுத்துக் கையால் கழுவச் சொன்னார்கள். சராசரியாக 100 லீற்றர் தண்ணீர் செலவானது. ஒருவர் கழுவிய விதம் இன்னொருவருடையதைப் போல இல்லை. நமக்குள் மட்டும்தான் இந்தச் சண்டை என்று நினைக்க வேண்டாம்.

யார் கழுவுறது?

இவ்வளவு நேரம் 'எப்படி' என்று பேசினோம். அப்பாயி, அம்மா, அக்கா, மாமி. சண்டையில் ஆண்கள் யாரும் வரவில்லை என்பதைக் கவனிச்சீங்களா?

1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த வீதம். 1984இல்தான் தோட்டங்களில் ஆண் பெண் நாட்சம்பளம் சமமானது. மலையில் சமமான சம்பளம் லயத்துக்குள் சமமான வேலையாக இறங்கவில்லை. காலையில் எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, நாள் முழுக்கக் கூடை சுமந்து, திரும்பி வந்து பீலிக்கரையில் குந்தியது பெண்தான். 2017இல் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வும் நாடு முழுக்க இதே நிலைமையைத்தான் காட்டியது.

அமெரிக்காவில் ஜோசபின் கொக்ரேன் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1886இல். ஊவா தனி மாகாணமானதும் அதே ஆண்டுதான். ஆனால் வசதி வந்தால் பெண்ணின் வேலை குறையும் என்பதே சந்தேகம் என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் ஒரு நூலே எழுதினார். கருவி மாறும்போது சுத்தத்தின் அளவுகோலும் ஏறும், வேலை பெண்ணிடமே தங்கும் என்பது அவர் வாதம். எங்கள் வீடுகளிலும் அதுதான் நடந்திருக்கு. புது வீட்டுத் திட்டங்களில் சமையலறைக்குள் பைப் வந்தது. குந்தி இருந்தவர்கள் நின்றார்கள். கழுவும் கை மாறவில்லை. பீலிக்கரையில் நாலு பெண்கள் சேர்ந்து பேசின பேச்சு மட்டும் போயிடுச்சு.

2022இல் காஸ் இல்லாமல் போனபோது ரவுண் வீடுகளிலும் விறகடுப்பு திரும்பி வந்தது. சவர்க்கார விலை ஏறியது. அப்பாயியின் சாம்பல் டப்பா மறுபடி அடுப்பங்கரைக்கு வந்தது. அப்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டத்து ஆவணங்களில் இறாத்தல் கணக்கு இருக்கும், ஆள் கணக்கு இருக்கும், அரிசிக் கணக்கும் இருக்கும். சட்டி விளக்கிய கணக்கு இருக்காது. அது எங்கள் பாட்டிமாரின் நினைவில் மட்டும் இருக்கு, அவர்களோடு போயிடும். அதனால வாசிக்கிற உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறோம். உங்கள் வீட்டில் மூத்தவர் எதனால் விளக்கினார், எங்கே, தண்ணி எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி அனுப்புங்க. தம்பிமாரே, அண்ணன்மாரே, அதைக் கேட்கும்போது சும்மா உட்கார்ந்து கேட்காதீங்க. பொச்சைக் கையில எடுங்க. நீங்கள் விளக்கிய சட்டியைப் பார்த்து அப்பாயி குறை சொல்வாங்க. அதையும் சேர்த்து எழுதுங்க.