ஊவாவின் இளந்தேயிலையும் முதற் பசளையும்

பெருந்தோட்ட வரலாற்றை எழுதப் புகுந்தோர் நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் ஏற்றுமதியைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். செடி எதை உண்டது, எப்பருவத்தில் உண்டது என்ற வினாவை விவசாய விஞ்ஞானிகளுக்கு உரியதென விட்டுவிட்டனர். ஆயின் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களின் கதையை நுணுகி நோக்குமிடத்து, கன்றுப் பருவத்தில் இடப்பட்ட பசளைக்கும் பல்லாண்டுகள் கழித்துக் கூடையில் விழுந்த கொழுந்துக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருந்தமை புலனாகின்றது. கொழுந்தின் நிறையே கூலியை நிர்ணயிக்கும் ஓர் அமைப்பில், இத்தொடர்பு விஞ்ஞானத்துக்கு மட்டும் உரியதன்று.

கோப்பிக் காலத்திலிருந்தே தொடங்குதல் பொருத்தமானது. காட்டை வெட்டி எரித்து நட்ட முதற் கோப்பிச் செடிகளுக்குச் சாம்பலும் காட்டு மண்ணின் இலைமக்குமே உணவாயின. சரிவு நிலத்தில் மழை அம்மண்ணை அரித்துச் சென்றபின் மாட்டெரு, எலும்புத்தூள், புண்ணாக்கு என்பன தேவைப்பட்டன. மலைப்பாதையில் மாட்டு வண்டியிலும், அதன்பின் மனிதர் தலையிலும் ஏறி வந்த இப்பசளைக்குச் செலவு அதிகம். ஆகவே செலவழித்த பணத்தை விரைந்து மீட்கும் அவா தோட்டத்துரைமாரிடம் மேலோங்கியது. கோப்பிச் செடியோ காய்க்கத் தூண்டினால் தன் வலிமைக்கு மீறிக் காய்த்து, கிளைகள் பட்டு நலிந்துபோகும் இயல்பினது.

1869 இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே கோப்பி இலைத்துரு நோய் முதன்முதல் அவதானிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்சு மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கு நோய்ப் பூஞ்சணம் பெயரிடப்பட்டது. நன்கு பசளையிட்ட செடி நோயைத் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை தோட்டக்காரரிடையே பரவியிருந்தது. 1879 இல் வெளிவந்த யோன் ஹியூசின் கோப்பி மண், பசளை பற்றிய அறிக்கை அக்காலத்தின் கவலையை உணர்த்துகின்றது. பசளையால் புதுத் தளிர் வந்தது உண்மையே. அத்தளிரிலும் துரு படிந்தது. 1880 இல் இலங்கை வந்த மார்சல் வார்ட், இலையில் விழுந்து முளைக்கும் பூஞ்சண வித்தியே நோயின் காரணம் என்பதை நிலைநாட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கோப்பியின் இடத்தைப் பற்றிய தேயிலை வேறு வகைப் பயிர். கனியை அன்று, இலையையே அதனிடம் கேட்கின்றோம். இலை உண்டாக்கும் நைதரசன் ஆகையால் பசளையின் பயன் இங்கு நேராகவே தெரியும். 1900 இல் கெல்வே பம்பர் தேயிலை மண் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். 1924 இல் புகையிரதம் பதுளையை அடைந்தமை பசளை மூடைகளின் பயணத்தைச் சுருக்கியது. 1925 இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலை சென்கூம்சில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் ஈடன் என்பார் வயற் பரிசோதனைகளை முறைப்படுத்தினார். ரொதம்ஸ்டெட்டில் புள்ளிவிவரவியலாளர் பிஷருடன் பணியாற்றியவர் அவர். இடும் நைதரசன் கூடக் கூட, ஓர் எல்லைவரை விளைச்சலும் அதற்கேற்பக் கூடுவதை முதிர்ந்த தேயிலையில் அவரது பரிசோதனைகள் காட்டின.

முதிர்ந்த செடிக்குப் பொருந்திய இவ்விதி கன்றுக்குப் பொருந்தவில்லை. இவ்வேறுபாடு 1930களில் ஆராயப்பட்டு, 1950களின் பின் பரவலாகிய தண்டுப் பதிய முறையோடு தெளிவாயிற்று. தோட்டங்களில் 'வீபி' என வழங்கும் இம்முறையில், ஓர் இலையும் சிறு தண்டுத் துண்டும் தவறணையில் பொலித்தீன் உறையிலிட்ட மண்ணில் நடப்படுகின்றன. வேரற்ற துண்டுக்குப் பசளை உணவாகாது, உப்பாகவே தாக்கும். வேர் பிடித்துப் புதுத்தளிர் காணும்வரை நிழலும் நீரும் போதும். அதன்பின்னரே ரீ 65 எனப்படும் தவறணைக் கலவை நீரிற் கரைத்துச் சிறிதளவாக ஊற்றப்படும். ஊற்றியதும் தூய நீரால் இலைகளைக் கழுவிவிடுதல் வேண்டும். இன்றேல் இலை கருகும். தவறணையில் நெடுங்காலம் வேலை செய்த பெண்கள் இதனை எந்த நூலையும் பாராமலே செய்வர்.

நடுகைக்கு முன்னரே மண்ணுக்கும் உணவூட்ட வேண்டியிருந்தது. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மானாப் புல்லோ குவாட்டமாலாப் புல்லோ ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்க்கப்பட்டது. இடைக்கிடை வெட்டிய புல் அந்நிலத்திலேயே பரப்பப்பட்டது. வருமானம் எதுவுமின்றி நிலம் காத்துக் கிடக்கும் காலமாகையால், சிக்கனம் தேடிய நிருவாகங்கள் முதலிற் கைவைத்தது இதில்தான் எனலாம்.

ஊவாவில் அளவறிந்து ஊட்டுதல் ஏனைய இடங்களைவிட முக்கியமானது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட கச்சான் காற்றாகவே இப்பக்கம் இறங்குகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றே ஊவாத் தேயிலைக்குப் புகழ் தந்த நறுமணத்தின் காரணம். உலகச் சந்தை செடியின் தாகத்துக்கு விலை கொடுக்கின்றது என்று கூறினும் பிழையில்லை. ஆனால் வடகீழ்ப் பருவமழையோடு நட்ட இளங்கன்றுக்கு அதே காற்று முதலாவது சோதனை. பதியச் செடிக்கு விதைச்செடியைப்போல் ஆழமான ஆணிவேர் இல்லை. அளவு மீறி நைதரசன் பெற்ற கன்று தழைத்து அழகாக நிற்கும். வேரோ அத்தழையைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திராது. கச்சான் வீசியதும் முதலில் வாடுவது அதுவே. பட்டினி கிடந்த கன்றும் தப்பினும், அதன் சட்டகம் குறுகி நிற்கும். சட்டகம் அகலாத செடியில் பறிக்கும் தளமும் அகலாது. பின்னாளில் எத்தனை மூடை இட்டாலும் அக்குறை முற்றாக நீங்குவதில்லை.

கவ்வாத்தின்போது இது வெளிப்படையாகத் தெரியும். இலையெல்லாம் இழந்த செடி வேரிற் சேமித்த மாப்பொருளைக்கொண்டே மீண்டும் துளிர்க்கின்றது. வேரை வெட்டி அயடீன் தடவி, கருநீலம் தோன்றுகின்றதா எனப் பார்த்த பின்னரே கவ்வாத்துச் செய்யலாம் என்பது விதி. வேர் வளராத செடி கத்தி பட்டதும் சாகும். மலையில் வெற்றிடங்கள் இவ்வாறே தோன்றின. பின்னர் ஒரே மலையில் ஒரு நிரையில் கொழுந்து நிறைந்தும் அடுத்த நிரையில் வெறுமையாகவும் இருக்கும்.

நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று விதிக்கும் அளவுகோல் இவ்வேறுபாட்டை அறியாது. இருபது ஆண்டுகளுக்கு முன் தவறணையில் நிகழ்ந்த கவனக்குறைவுக்கு அன்று பிறந்திராத ஒரு பெண் அரைப்பேர் பெற்று ஈடுசெய்கின்றாள். நிறை குறைந்தால் அவளது கையின் வேகமே விசாரிக்கப்படுகின்றது. செடியின் வேர் விசாரிக்கப்படுவதில்லை. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992 இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் இந்நிலை மாறவில்லை.

2021 மார்ச்சில் சம்பளச் சபையின்மூலம் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக்கப்பட்டது. பறிக்க வேண்டிய அளவு பற்றிய பிணக்குகள் பல தோட்டங்களில் எழுந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பருக்குள் தடை நீக்கப்பட்டபோதிலும், 2021 இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 25.1 கோடி கிலோவாக வீழ்ந்தது. தடை நீங்கியபின் பசளையின் விலை உயர்ந்தமையும் இதற்குக் காரணம். முதிர்ந்த மலைகளின் இழப்பு இவ்வாறு ஓராண்டுக்குள் கணக்கில் வந்துவிட்டது. இளந்தேயிலையின் இழப்பை எந்தப் புள்ளிவிவரமும் தனித்துக் காட்டவில்லை. அக்காலத்தில் தவறணையில் இருந்த கன்றுகளும் புதிதாக நட்ட கன்றுகளும் இப்போதுதான் ஒழுங்காகக் கொழுந்து தரும் பருவத்தை எட்டியுள்ளன. அவற்றின் முதற் கவ்வாத்து முடிந்த மலைகளில் எத்தனை செடி துளிர்த்தது, எத்தனை பட்டது என்பதைத் தோட்டக் கணக்குப்புத்தகங்கள் பதிவுசெய்யுமாயின், அம்மலைகளின் நாளாந்த அளவை நிர்ணயிக்கும் பேச்சுவார்த்தைகளில் தொழிற்சங்கங்கள் கையில் எடுத்துச்செல்லத்தக்க சான்று அதுவாகவே இருக்கும்.