தள்ளுபடிப் பரிசு அட்டைகளும் கடன் அட்டைப் புள்ளிகளும் (ஆஸ்திரேலியா)

சூப்பர்மார்க்கெட்டின் பரிசு அட்டையை முகமதிப்புக்குக் கீழான விலையில் கடன் அட்டை கொண்டு வாங்கி, பிறகு அதையே தேய்த்து வீட்டு மளிகைக்குப் பணம் கட்டும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் உண்டு. பிறருக்குக் கொடுப்பதற்காக அச்சிட்ட அட்டையை வாங்கியவரே செலவழித்துவிடுகிறார். வாகன ஓட்டிகள் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள், பெரிய அலுவலகங்களின் ஊழியர் நலத் திட்டங்கள் ஆகியவை வூல்வொர்த்ஸ், கோல்ஸ் அட்டைகளைத் தம் உறுப்பினர்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் குறைத்துத் தருகின்றன. இப்படிச் செய்வதால் மூன்று வரவு என்பார்கள்: தள்ளுபடி ஒன்று, கடன் அட்டைப் புள்ளி இன்னொன்று, கல்லாவில் கடையின் உறுப்பினர் அட்டையைக் காட்டினால் சேரும் கடைப் புள்ளி மூன்றாவது. பேச்சு எப்போதும் புள்ளியைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சரக்கு தள்ளுபடியில்தான் இருக்கிறது, புள்ளி கொசுறு.

100 டாலர் அட்டை ஒன்றை 5 சதவீதத் தள்ளுபடியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கொடுப்பது 95 டாலர். 5 டாலர் அந்த நிமிடமே கையில் நிற்கிறது. டாலருக்கு 1 புள்ளி தரும் கடன் அட்டையில் 95 புள்ளி சேரும். விமான இருக்கைக்கு மாற்றுபவர் ஒரு புள்ளியை 1 சென்ட் என்று மதித்தால் அது 95 சென்ட். கடை வவுச்சராக மாற்றினால் அதில் பாதி தேறுவதே பல திட்டங்களில் கடினம். மூன்றாவது வரவோ இந்தக் கணக்கிலேயே சேராது. வூல்வொர்த்ஸின் எவ்ரிடே ரிவார்ட்ஸிலும் கோல்ஸ் 1994இல் தொடங்கிய ஃபிளைபைஸிலும் 2,000 புள்ளிக்கு 10 டாலர் கழிவு, அதாவது செலவழிக்கும் டாலருக்கு அரை சென்ட். பரிசு அட்டையில் கட்டினாலும் ரொக்கமாகக் கட்டினாலும் அது கிடைத்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அட்டையை விற்கும் இணையதளம் கடன் அட்டைக்கு 1 சதவீதம் கூடுதல் கட்டணம் வசூலித்தால், 95 சென்ட் மதிப்புள்ள புள்ளிக்கு 95 சென்ட்டே விலையாகப் போய்விடும்.

புள்ளி இவ்வளவு மெலிந்து கிடப்பதற்குக் காரணம் நாட்டின் கட்டண விதிகள். கடன் அட்டை தேய்க்கப்படும்போது கடைக்காரரின் வங்கி, அட்டை கொடுத்த வங்கிக்குத் தரும் பரிமாற்றக் கட்டணமே புள்ளிகளுக்கான ஊற்று. சராசரியாக 0.95 சதவீதமாக இருந்த அதை ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி 2003இல் சுமார் 0.55 சதவீதத்துக்கு இறக்கியது. 2017 ஜூலை முதல் சராசரி 0.50 சதவீதம், எந்த ஓர் அட்டைக்கும் 0.80 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றாயிற்று. வங்கிகள் வெளியிட்ட அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டைகளும் அந்த வரம்புக்குள் வரவே, பெரிய வங்கிகள் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அமெரிக்காவில் கடன் அட்டைக்கு இத்தகைய உச்சவரம்பு இல்லை. அங்கே சூப்பர்மார்க்கெட் செலவில் ஆண்டுக்கு 6,000 டாலர் வரை 6 சதவீதம் திருப்பித் தரும் அட்டையே உண்டு. அதனால் அங்கே ஓட்டம் எதிர்த்திசையில்: மளிகைக் கடைக்குப் போய் மற்றக் கடைகளின் பரிசு அட்டைகளை வாங்குகிறார்கள். அமெரிக்க நாணயச்சாலை 1 டாலர் நாணயங்களை முகமதிப்புக்கே வீட்டுக்கு அனுப்பிவந்தபோது, அவற்றைக் கடன் அட்டையில் வாங்கி நேராக வங்கியில் போட்டுப் புள்ளி குவித்தவர்களும் உண்டு. 2011 ஜூலையில் நாணயச்சாலை கடன் அட்டை ஏற்பதை நிறுத்தியது.

சூப்பர்மார்க்கெட் ஏன் 5 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறது? ஆஸ்திரேலியப் போட்டி நுகர்வோர் ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கைப்படி வூல்வொர்த்ஸ் 38, கோல்ஸ் 29 சதவீதச் சந்தையை வைத்திருக்கின்றன. இரண்டு பெருங்கடைகள் ஒன்றின் வாடிக்கையாளரை மற்றொன்று இழுக்கும் சந்தையில், பரிசு அட்டை வாங்கியவர் அடுத்த சில வாரங்களுக்கு எந்தக் கடைப் படியேறுவார் என்பது தீர்மானமாகிவிடுகிறது. பணம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. அட்டையில் மறந்துபோன மிச்சமும் கடைக்கே. தவிர, இந்தச் சலுகை சங்கத்தில் சேர்ந்து, இணையதளம் தேடி, அட்டையைக் கைபேசியில் ஏற்றும் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே எட்டுகிறது. அலமாரியில் விலையைக் குறைத்தால் எல்லோருக்கும் குறைக்க வேண்டும்.

புள்ளியை 1 சென்ட் என்று மதிப்பதே தவறு, பிசினஸ் வகுப்பு இருக்கைக்கு மாற்றினால் பல மடங்கு தேறும் என்பது வழக்கமான மறுப்பு. அந்த டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கக்கூடியவருக்கு அது பொருந்தும்; மற்றவருக்கு அது வாங்கியே இருக்காத பொருளின் விலைச்சீட்டு. புள்ளியின் மாற்று விகிதமும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது: குவாண்டாஸ் தன் கிளாசிக் ரிவார்ட் இருக்கைகளுக்கான புள்ளியை 2025 ஆகஸ்டில் 5 முதல் 20 சதவீதம் வரை உயர்த்தியது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. புதிய கடன் அட்டைகள் முதல் சில மாதங்களில் குறிப்பிட்ட தொகையைச் செலவழித்தால் பெரிய அளவில் புள்ளி தருகின்றன. வருங்கால மளிகைச் செலவை முன்னுக்கு இழுத்து அந்த வரம்பை எட்ட பரிசு அட்டை உதவுகிறது. இங்கே புள்ளி தள்ளுபடியை மிஞ்சிவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது ஓர் அட்டைக்கு ஒருமுறை நடப்பது, வாராந்தர வழக்கம் ஆகாது. ரொக்கத்துக்கு நிகரான வாங்கல்களுக்குப் புள்ளி இல்லை என்று விலக்கும் நிபந்தனைகளும் உண்டு. அந்த வாங்கலை ரொக்க முன்பணமாக வங்கி கருதினால் அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

வட்டிதான் எல்லாவற்றையும் கவிழ்ப்பது. ஆண்டுக்கு 20 சதவீத வட்டியில் 95 டாலருக்கு மாதம் சுமார் 1.58 டாலர், மூன்று மாதம் பாக்கி வைத்தால் 4.75 டாலர் போய்விடும், தள்ளுபடியில் மிஞ்சுவது 25 சென்ட். பரிசு அட்டை வைத்திருப்பவர் உண்மையில் கடைக்குக் கடன் கொடுத்தவர் என்பதையும் மறக்கலாகாது. 2016 ஜனவரியில் டிக் ஸ்மித் மின்னணுக் கடைகள் நொடித்தபோது அதன் பரிசு அட்டைகள் ஏற்கப்படவில்லை. வைத்திருந்தவர்கள் பிணையின்றிக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் அப்படி விழும் என்று அஞ்ச இப்போது காரணமில்லை, ஆனால் அட்டை தொலைவது, எண் திருடப்படுவது போன்ற சில்லறை இழப்புகள் வாங்கியவர் தலையிலேயே விழும். 2019 நவம்பர் 1 முதல் விற்கும் பரிசு அட்டைகள் குறைந்தது 3 ஆண்டு செல்ல வேண்டும் என்ற சட்டம் காலாவதிக் கவலையைப் பெரிதும் தீர்த்துவிட்டது.

வாரம் 250 டாலருக்கு மளிகை வாங்கும் குடும்பத்துக்கு 5 சதவீதத் தள்ளுபடி ஆண்டுக்கு 650 டாலர். அதே செலவில் சேரும் 12,350 புள்ளி, 1 சென்ட் கணக்கிலேயே 123.50 டாலர், அந்தப் புள்ளிக்காக ஆண்டுச் சந்தா கட்டும் அட்டையை வைத்திருந்தால் அதுவும் நிற்காது. 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி உள்நாட்டுக் கடன் அட்டைப் பரிமாற்றக் கட்டணத்தின் உச்சவரம்பை 0.3 சதவீதமாக்க முன்மொழிந்தது. அப்படி ஒரு வரம்பு புள்ளியை மேலும் சுருக்கும். கடை தரும் தள்ளுபடி அதன் ஆட்சிக்குள் வராது.