இனிக்கும் விஷம்: 1937 முதல் 2025 வரை

பேளுக்குறிச்சி சந்தையில மிளகு வாங்குறவங்க ஒரு பிடி அள்ளித் தேய்ப்பாங்க, மோந்து பார்ப்பாங்க, ஒண்ணு ரெண்டைக் கடிச்சும் பார்ப்பாங்க. பப்பாளி விதை கலந்திருந்தா அங்கேயே தெரிஞ்சுடும். நானும் அப்படித்தான் வாங்குவேன். ஆனா மருந்துக்கு இது உதவாது.

1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். அந்தத் திரவம் நிறமற்றது, இனிக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். விற்பனைக்கு முன் சோதித்தது சுவை, மணம், தோற்றம் மட்டுமே! நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1938-ல் அங்கே புதிய சட்டம் வந்தது. 1940-ல் இந்தியாவிலும் மருந்துச் சட்டம் வந்தது.

2025 அக்டோபரில் 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைத் தமிழக அரசு ஆய்வகம் சோதித்தது. தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்ட ஆலை. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம், இருந்ததோ 48.6 சதவீதம், அதே நஞ்சு. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள்.

வந்து இறங்கும் கரைப்பானை பேட்ச் பேட்ச்சாகச் சோதித்து, பதிவு செய்த பிறகுதான் கலக்க வேண்டும் என்பது விதி. மிளகை நாமளே சோதிச்சுக்கலாம். மருந்தை நமக்காக ஆலையில ஒருத்தர் சோதிச்சிருக்கணும். அவர் சோதிச்சாரான்னு அரசு ஆய்வாளர் போய்ப் பார்த்திருக்கணும். 2025-ல சட்டம் வந்து 85 வருஷம் ஆகியிருந்துச்சு.