முலாம்பழத்தின் சாம்பல் நோய்: 1938-ஆம் ஆண்டு அறிக்கை குறித்து ஒரு மறுபரிசீலனை

கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் 1936-இல் பயிருக்கு வந்த பி.எம்.ஆர். 45 என்னும் முலாம்பழ வகை, சாம்பல் நோயை எதிர்க்கும் ஆற்றலை இரண்டே ஆண்டுகளில் இழந்ததென்றும், தன்னை வெல்லவல்ல புதியதொரு பூசணத்தைத் தானே தோற்றுவித்ததென்றும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் அபிப்பிராயம், ஜாகர், விட்டேக்கர், போர்ட்டர் ஆகிய மூவரும் 1938-இல் வெளியிட்ட சிறு அறிக்கையையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. அவ்வறிக்கை அத்தகைய அனுமானத்துக்கு இடந்தரவில்லை என்பதே என் துணிபு.

எதிர்ப்புடைய செடிகளிலும் நோய் கண்டது, அதை விளைத்த பூசணம் முன்பு அறிந்ததினின்றும் வேறான உட்பிரிவு என்பதற்கு மேல் அறிக்கையைக் கொண்டு நாம் நிலைநாட்டக்கூடியது ஒன்றுமில்லை. அவ்வுட்பிரிவு அக்காலத்திற்றான் பிறந்தது என்பதற்கு நிரூபணம் கிடைத்திருக்கவும் இயலாது. இரு உட்பிரிவுகளையும் உருவத்தால் வேறுபடுத்த முடியாதாகையால், ஒன்றுக்கு இடங்கொடுத்து மற்றொன்றைத் தடுக்கும் செடி ஒன்று வயலில் நின்றாலன்றி அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. இந்தியாவிலிருந்து பெற்ற முலாம்பழத்தின் எதிர்ப்பை ஹேல்ஸ் பெஸ்ட் வகையில் ஏற்றி உருவாக்கிய பி.எம்.ஆர். 45 பரவும் வரையில், நோய் கடுமையாகத் தலைகாட்டிய 1925 தொட்டு அப்பிரதேசத்து உழவர் பயிரிட்டவை இரண்டுக்கும் ஒருசேர இரையாகத்தக்கவையாகவே இருந்தன. ஆகவே 1938-க்கு முன் இரண்டாவதைப்பற்றிய குறிப்பு இல்லாமை, அது இல்லாமைக்குச் சான்றாகாது.

அது முன்பே இருந்திருப்பின் தேர்வுப் பாத்திகளிலேயே வெளிப்பட்டிருக்குமே எனலாம். மிக அரிதாயிருந்த ஒன்று சில பாத்திகளில் அகப்படாமற் போவதில் வியப்பில்லை. ஓங்குதன்மையுள்ள ஒரே ஜீனால் காக்கப்பட்ட ஒரே வகை பள்ளத்தாக்கெங்கும் பரந்தபின், அந்த அரியதற்கே போட்டியின்றி இடம் வாய்த்தது. இது முழு நிரூபணமாகாதெனினும், புதுப்பிறப்புக் கொள்கையைவிடக் குறைந்த கற்பனையே வேண்டுவது. அன்று எரிசிபி என்று பெயரிட்ட பூசணம் இக்காலத்தார் போடோஸ்பெரா என வகுப்பதாகவே இருந்திருக்கலாம் என்ற ஆட்சேபம், பெயரைத் திருத்துமேயன்றி இவ்வாதத்தைத் தொடாது.

மேலும், 'இழந்தது' என்னும் தீர்ப்பு பழத்தை அறவே மறந்தது. கந்தகப் பொடியால் இலை கருகும் அப்பயிரில் எதிர்ப்புக்குத் தனிமதிப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொலைதூரப் பயணத்தைத் தாங்கும் சதையுறுதியாலும் குணத்தாலும் பி.எம்.ஆர். 45, இரண்டாம் உட்பிரிவு அறியப்பட்ட பின்னரும் பல பத்தாண்டுகள் மேற்கு அமெரிக்காவின் முதன்மை ஏற்றுமதி வகைகளுள் ஒன்றாக நின்றது. தோற்ற வகையென்று அதை ஒதுக்கியவர்கள், உழவரும் வணிகரும் அதை விடாது பற்றியிருந்த காரணத்தை ஆராயவேயில்லை.

பூசணம் புதிதாய்ப் பிறந்ததென்று கொண்டால், வளர்ப்பாளன் அது பிறக்கும் வரையில் காத்திருப்பதையன்றி வேறு செய்வதற்கில்லை. முன்பே மறைந்திருந்ததென்று கொண்டாலோ, ஒரு வகையை வெளியிடுமுன், பல மாவட்டங்களினின்றும் திரட்டிய பூசணத்தால் அதன் தாய்ச்செடிகளைச் சோதிப்பது அவன் கடமையாகிறது.